எல்லைத் தமிழும் செவியின் தீர்ப்பும்

முன்னுரை

ஒருவர் நான்கு சொற்கள் பேசி முடிப்பதற்குள் அவர் எந்நாட்டினர், எவ்வூரினர் என்பதைக் கேட்போர் தீர்மானித்துவிடுகின்றனர். சொல்லின் பொருளைக் காட்டிலும் விரைந்து செவியை எட்டுவது அதன் ஒலிச்சாயலே ஆகும். எழுத்துகளை ஒலிக்கும் முறை, அழுத்தம், நீட்டல், குரலின் ஏற்ற இறக்கம் ஆகியவை ஒன்றுசேர்ந்து ஒருவர் பேச்சுக்குத் தரும் தனித்தன்மையே ஈண்டு ஒலிச்சாயல் எனப்படுகிறது. இதனைப் பேசுவோரின் நாவைச் சார்ந்த பண்பாகவே ஆய்வாளர் பலரும் கருதி வந்துள்ளனர். கேட்போரின் செவிக்கு அதில் உள்ள பங்கு போதிய அளவு ஆராயப்படவில்லை.

கேரள மாநிலத்தின் பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப் பகுதிகளில் வாழும் தமிழர்தம் பேச்சு இவ்வாய்வுக்கு மிகவும் ஏற்ற களமாகும். அவர்கள் கோயம்புத்தூருக்கோ மதுரைக்கோ வந்து பேசினால் அப்பேச்சில் 'மலையாள வாடை' வீசுகிறது என்பர். அவர்களே பாலக்காட்டு நகரத்திலோ கோட்டயத்திலோ பேசினால் 'பாண்டிப் பேச்சு' என்பர். நா ஒன்று, தீர்ப்புகள் இரண்டு. இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாதல் இயலுமா என்பதும், இத்தீர்ப்புகள் திரைப்படத்திலும் புனைகதையிலும் பொதுவாழ்விலும் எவ்வாறு செயற்படுகின்றன என்பதும் இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றன.

1. இலக்கண மரபில் திசையொலி

தமிழ் இலக்கண மரபு இவ்வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே கண்டுகொண்டது. தொல்காப்பியர் எச்சவியலில் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காகப் பகுத்தார். திசைச்சொல் வழங்கும் பன்னிரு நிலங்களை உரையாசிரியர்கள் பெயர் கூறி விளக்கினர். சேனாவரையர் முதலியோர் காட்டும் பட்டியலில் குட்டநாடு, குடநாடு, பூழிநாடு, கற்காநாடு என மலைத்தொடருக்கு மேற்கே அமைந்த நிலங்களும் உள்ளன. குடநாட்டார் தந்தையை 'அச்சன்' என்பர். குட்டநாட்டார் தாயைத் 'தள்ளை' என்பர் என்பன உரைகளில் வரும் எடுத்துக்காட்டுகள். இவற்றுள் 'அச்சன்' இன்றைய மலையாளத்திலும் தந்தையையே குறிக்கிறது.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. உரையாசிரியர்கள் மேற்றிசைச் சொற்களை வழுவாகக் கொள்ளவில்லை. செய்யுளுக்கு உரிய நால்வகைச் சொற்களுள் ஒன்றாக அவற்றுக்கு இடமளித்தனர். ஆயினும் செந்தமிழ், கொடுந்தமிழ் என்னும் பாகுபாடு வேரூன்றிய பின்னர், வளைவைக் குறித்த 'கொடுமை' என்னும் சொல் காலப்போக்கில் குறைபாட்டையும் குறிக்கலாயிற்று. திசையைச் சுட்டிய பெயர் தரத்தைச் சுட்டும் பெயராயிற்று எனலாம்.

மறுபுறத்திலும் இத்தகைய நிகழ்வு உண்டு. பதினான்காம் நூற்றாண்டைச் சார்ந்த மணிப்பிரவாள இலக்கணமாகிய லீலாதிலகம், கேரள மொழி பாண்டிய நாட்டு மொழியின் வேறானது என்பதை நிறுவ முற்படுகிறது. 1896இல் வெளிவந்த ஏ. ஆர். இராஜராஜவர்மாவின் கேரளபாணினீயம் மலையாளத்தைக் கொடுந்தமிழினின்று கிளைத்ததாகக் கொண்டு, அம்மாற்றத்தை ஆறு நெறிகளால் விளக்குகிறது. மலையாளம் தோன்றிய வரலாறு பற்றிய அவர் கருத்தைப் பின்னையோர் பலர் மறுத்துள்ளனர். எனினும் அவர் காட்டிய ஒலி வேறுபாடுகள், இருமொழிச் செவிகளும் ஒன்றையொன்று எவ்வாறு அடையாளம் காண்கின்றன என்பதை அறிய இன்றும் துணைநிற்கின்றன.

2. நிலமும் மக்களும்

மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 முதல் 40 கிலோமீட்டர் அகலமுடைய இடைவெளியே பாலக்காட்டுக் கணவாய். காற்றும் வணிகமும் மொழியும் தடையின்றிப் புகும் வாயில் அது. இதன் கிழக்குப் பகுதியில் சித்தூர் வட்டத்தைச் சார்ந்த கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், வடகரப்பதி, எருத்தேம்பதி முதலிய ஊர்களில் தமிழ் பெருவழக்காக உள்ளது. மலையாளத்தின் தந்தை எனப் போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்ததாக மரபு கூறும் குருமடம் அமைந்திருப்பதும் இச்சித்தூரிலேயே என்பது குறிப்பிடத்தக்கது. 1956 வரை பாலக்காடு சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தைச் சார்ந்திருந்தது. சித்தூரோ கொச்சி நாட்டின் பகுதியாக இருந்து வந்தது. எனவே 'பாலக்காட்டுத் தமிழ்' என ஒருபெயரால் வழங்குவதே பல ஆட்சி வரலாறுகளை மறைப்பதாகும்.

இடுக்கியின் நிலை வேறு. தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை ஆகிய வட்டங்களின் உயர்ந்த மலைப்பகுதிகள் திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தவை. 1877இல் பூஞ்ஞாறு அரச குடும்பத்தாரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகையாகப் பெற்றார். பின்னர்த் தேயிலைத் தோட்டங்கள் பெருகின. அவற்றில் உழைப்பதற்கு மதுரை, இராமநாதபுரம், திருநெல்வேலிச் சீமைகளினின்று கங்காணிகள் வழியாக மக்கள் கொண்டுவரப்பட்டனர். வட்டவடை, மறையூர் போன்ற ஊர்களிலோ தோட்டங்களுக்கு முன்னரே தமிழ்க்குடிகள் வாழ்ந்து வந்தன. 1956ஆம் ஆண்டின் மாநிலச் சீரமைப்பில் தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. 1972இல் இடுக்கி மாவட்டம் உருவாயிற்று.

ஆகவே பாலக்காட்டின் கிழக்கெல்லையில் கேட்பது பெரிதும் கொங்கு நாட்டுப் பேச்சோடு இயைந்த தமிழ். இடுக்கியின் மலைகளில் கேட்பது பாண்டி நாட்டு வழக்குகளும் தோட்டத் தொழிலின் சொற்களும் இணைந்த தமிழ். பாலக்காட்டு அக்கிரகாரங்களில் கேட்பது வேறொரு சமூக வழக்கு. இம்மூன்றையும் பிணைப்பது அவற்றின் அமைப்பன்று. மலையாளத்தோடு ஒட்டி வாழும் வாழ்வே ஆகும்.

3. தமிழ்ச்செவி கேட்பவை

தமிழகத்துச் செவி எல்லைத் தமிழில் மலையாளத்தைக் கேட்பது எவற்றால்? முதலாவது, சில சொற்கள். வாங்குதலை 'மேடித்தல்' என்பதும், விளங்கியதா என்பதை 'மனசிலாச்சா' என்பதும் இத்தகையன. இவற்றுள் ஒன்று காதில் விழுந்தவுடனே பேச்சு முழுவதும் மலையாளம் எனக் கணிக்கப்படுகிறது. 2024இல் வெளியான 'வேட்டையன்' திரைப்படத்தின் 'மனசிலாயோ' என்னும் பாடல் தமிழகமெங்கும் பரவியபோது, அவ்வொரு சொல்லே கேரளத்தின் முத்திரையாக அமைந்ததை எண்ணிப் பார்க்கலாம். ஆயினும் 'மேடித்தல்', 'மனசிலாதல்' ஆகியவை குமரி மாவட்டத் தமிழிலும் வழங்குவன. தொடரின் இறுதியில் வரும் 'ஆக்கும்' என்பதும் அவ்வாறே தென்மாவட்டங்களில் நெடுங்காலமாக வழங்கி வருவதாகும்.

இரண்டாவது, ஒலிப்பு. இங்கேதான் செவியின் தீர்ப்பு எத்துணை வியப்புக்குரியது என்பது புலனாகும். 'காற்று', 'நேற்று' என்னும் சொற்களில் வரும் இரட்டை றகரம் தமிழகத்துப் பேச்சில் பெரும்பாலும் தகரமாகி 'காத்து', 'நேத்து' என ஒலிக்கிறது. படிக்கும்போதோ ரகரம் கலந்த ஒலியாக அது வெளிப்படுகிறது. மலையாளத்தில் இவ்வெழுத்து நுனிநா மேற்பல்லின் பின்புற மேட்டை ஒற்ற எழும் தனி வல்லொலியாகவே நின்றுவிட்டது. இருமொழிகளையும் கற்ற எல்லைத் தமிழர் நாவிலும் இவ்வொலி எளிதாக வருகிறது. ழகரமும் இத்தகையதே. மதுரைக்குத் தெற்கே ளகரத்தோடும், வடதமிழகத்தின் சில வழக்குகளில் யகரத்தோடும் ஒன்றிவிட்ட ழகரத்தை மலையாளத்தார் பேச்சில் பிறழாது ஒலிக்கின்றனர். இவ்வொலிகளைக் கேட்கும் தமிழகத்தார் 'மலையாளம் போல் இருக்கிறது' என்பர்.

தொல்காப்பியர் பிறப்பியலில் றகரத்தின் பிறப்பிடமாகக் கூறுவது நுனிநா அண்ணத்தை ஒற்றுதலையே. ஆகவே இலக்கணம் வகுத்த ஒலியைக் காத்து நிற்கும் நாவே அயல்நா எனக் கேட்கப்படுகிறது. இலக்கணத்தினின்று விலகிய நா தன்னை அளவுகோலாகக் கொள்கிறது. யாழ்ப்பாணத் தமிழ் இதற்கு மற்றொரு சான்றாகும். மலையாளத்தோடு எல்லைத் தொடர்பு இல்லாத அப்பேச்சையும் தமிழகத்தார் பலர் 'மலையாளம் போல' என்று கூறக் கேட்கலாம். அங்கும் இரட்டை றகரம் பழைய வல்லொலியாகவே நிற்கிறது. இரண்டிடத்தும் பொதுவாக உள்ளது மலையாளக் கலப்பன்று. தமிழகத்துப் பேச்சு இழந்துவிட்ட பழமையே ஆகும். தன்னிடம் இல்லாததைச் செவி அயலானது எனத் தீர்ப்பளிக்கிறது என்னும் முடிபு இதனாற் பெறப்படும்.

உலகளாவிய ஆங்கிலத்திலும் இதற்கு ஒப்புமை உண்டு. உயிரெழுத்தின் பின் வரும் ரகரத்தை அமெரிக்கருட் பெரும்பாலோர் நாவை மடித்து ஒலிக்கின்றனர். இங்கிலாந்தின் தரமொழியில் அது ஒலிப்பதில்லை. எனவே ஆங்கிலேயருக்கும், அவர்கள்வழி ஆங்கிலம் கற்ற பிற நாட்டார்க்கும் இந்த ரகரமே அமெரிக்க ஒலிச்சாயலின் முதல் அடையாளமாக, புதுநாட்டார் கொண்டுவந்த திரிபு போலப் படுகிறது. உண்மையில் ரகரம் ஒலித்தலே பழைய ஆங்கில வழக்கு. இலண்டன் வட்டாரப் பேச்சில் அது நீங்கியது பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியை ஒட்டியே ஆகும். காத்தவரைத் திரித்தவராகக் கேட்கும் செவி தமிழுக்கு மட்டும் உரியதன்று என்பது இதனால் விளங்கும்.

இச்சாயலின் மதிப்பும் நிலையானதன்று. நியூயார்க்கு நகரப் பேச்சை ஆராய்ந்து வில்லியம் லபாவ் 1966இல் வெளியிட்ட நூல், முன்னர் ரகரம் ஒலியாமையை உயர்வாகக் கருதிய அந்நகரத்தில் இரண்டாம் உலகப்போருக்குப் பின்னர் ரகரம் ஒலித்தலே மதிப்புடையதாயிற்று எனக் காட்டியது. ஒலி அதுவே, அதன்மேல் ஏற்றிய மதிப்பு மட்டும் தலைகீழாயிற்று.

4. மலையாளச்செவி கேட்பவை

மலையாளச்செவி அதே மக்களின் பேச்சில் தமிழைக் கேட்பதற்கும் தெளிவான காரணங்கள் உள்ளன. அவற்றை ஊர்ப்பெயர் ஒன்றே காட்டவல்லது. தமிழர் 'கொழிஞ்சாம்பாறை' என்பதை மலையாளத்தார் 'கொழிஞ்ஞாம்பாற' என்பர். இவ்வொரு பெயரில் இரு வேறுபாடுகள் அடங்கியுள்ளன. ஞகரத்தை அடுத்த சகரம் மெல்லினத்தோடு ஒன்றி ஞகரமாகிவிடுதல் ஒன்று. இராஜராஜவர்மா தம் ஆறு நெறிகளுள் முதலாவதாகக் கூறும் மெல்லினப் பரவல் இதுவே. 'கஞ்சி' 'கஞ்ஞி' ஆவதும் 'மாங்காய்' 'மாங்ஙா' ஆவதும் இந்நெறியாலேயே. சொல்லிறுதி ஐகாரம் அகரமாதல் மற்றொன்று. பூப்பாறை 'பூப்பாற' ஆவதும் வட்டவடை 'வட்டவட' ஆவதும் இதன்பாற்படும். ஆகவே இறுதி ஐகாரத்தை ஒலிப்பவர், அல்லது அதனை எகரச் சாயலோடு முடிப்பவர், மலையாளச்செவிக்கு உடனே தமிழராகிவிடுகின்றார். வடசொற்களின் வர்க்க ஒலிகளைத் தமிழர் வேறுபாடின்றி ஒலிப்பதும் அச்செவிக்கு மற்றோர் அடையாளமாகும்.

வினைமுற்றே இவற்றினும் ஆழமானது. மலையாள வினைமுற்று தன்மை, முன்னிலை, படர்க்கை வேறுபாட்டை இழந்துவிட்டது. 'வந்தேன்', 'வந்தாய்', 'வந்தாள்' என்னும் மூன்றுக்கும் அங்கு 'வந்நு' என்னும் ஒருவடிவமே உண்டு. எல்லைத் தமிழில், அக்கிரகார வழக்காயினும் தோட்டத்து வழக்காயினும், இவ்விகுதிகள் அழியாமல் நிற்கின்றன. சொற்கள் எத்துணை புகுந்தாலும், குரல் எவ்வளவு நீண்டாலும், அவ்வழக்குகளின் எலும்புக்கூடு தமிழே என்பதற்கு இது தக்க சான்றாகும். தமிழகத்துச்செவியோ மேற்புறத்துச் சொல்லையும் இசையையும் கேட்டு மலையாளம் என்கிறது. மலையாளச்செவி அடிப்புறத்து விகுதியையும் கேட்டுத் தமிழ் என்கிறது. இரண்டனுள் மலையாளச்செவியின் தீர்ப்பே இலக்கணத்துக்கு நெருக்கமானது என்பது தமிழ் ஆய்வாளர் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியாகும்.

ஆனால் அத்தீர்ப்போடு ஒட்டிவரும் பெயர் வேறு வகையினது. 'பாண்டி' என்பது ஒரு பேரரசின் பெயர். பேச்சுவழக்கில் அது கூலிக்கு வந்த அயலாரைக் குறிக்கும் இளக்காரச் சொல்லாகவும் கையாளப்படுகிறது. சரியாகக் கேட்ட செவி தவறாகப் பெயரிடுகிறது எனலாம்.

5. திரையும் புனைகதையும்

1990இல் வெளிவந்த 'மைக்கேல் மதன காமராஜன்' தமிழகத்தார்க்குப் பாலக்காட்டுத் தமிழை அறிமுகம் செய்த படைப்புகளுள் முதன்மையானது. சிங்கீதம் சீனிவாசராவ் இயக்கிய அப்படத்துக்கு உரையாடல் எழுதியவர் கிரேசி மோகன். கமல்ஹாசன் ஏற்ற நான்கு வேடங்களுள் ஒன்று சமையற்காரரான காமேசுவரன். பாலக்காட்டு மணி ஐயராக டெல்லி கணேஷும், திரிபுரசுந்தரியாக ஊர்வசியும் நடித்தனர். நான்கு வேடங்களையும் பிரித்துக் காட்டும் கருவிகளுள் பேச்சே தலைமையானது. காமேசுவரனின் பேச்சு நகைப்பைத் தோற்றுவிப்பினும் அவனை அறிவிலியாக்கவில்லை. அவனது வெள்ளை உள்ளத்துக்கு உரிய இசையாகவே அது அமைந்துள்ளது. வட்டாரப் பேச்சைக் கோமாளித்தனத்தின் அடையாளமாக மட்டும் கையாண்ட படங்கள் மிகுந்த சூழலில் இது பாராட்டத்தக்கதே.

எனினும் அப்படத்தின் வெற்றியால் விளைந்த கேடும் ஒன்றுண்டு. பாலக்காட்டுத் தமிழ் என்றவுடன் ஒரு சமூகமும் ஒரு தொழிலும் மட்டுமே தமிழகத்தார் நினைவில் எழலாயின. கணவாயின் கிழக்கே நெல்லும் கடலையும் கரும்பும் பயிரிடும் வேளாண்குடிகளின் பேச்சும், இராவுத்தர்களின் பேச்சும் அப்பெயரினின்று நீங்கிவிட்டன. அவர்கள் வாய்திறந்தால் கேட்போர் எதிர்பார்க்கும் பாலக்காட்டுத் தமிழ் அங்கு இல்லை. குற்றம் படைப்பினுடையதன்று, ஒரு பாத்திரத்தை ஒரு மாவட்டமாகக் கொண்ட செவியினுடையதே.

அவ்வாறு விடுபட்டோருக்கு இடமளித்தது மலையாளப் புனைகதையே என்பது முரண்சுவை. 1969இல் நூலாக வெளிவந்த ஓ. வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்' பாலக்காட்டின் தஸ்ராக் என்னும் சிற்றூரைப் பின்புலமாகக் கொண்டு உருவான நாவல். அதில் வரும் இராவுத்தர்களின் பேச்சில் தமிழ் ஊடும் பாவுமாக உள்ளது. மலையாள வாசகருக்கு அத்தமிழ்ச்சாயல் ஊரின் தனித்தன்மையையும் தொன்மையையும் உணர்த்தும் இசையாகிறது. நகைப்புக்குரியதாக அங்கு அது நிற்கவில்லை.

இந்நாவல் யூமா வாசுகியால் தமிழாக்கப்பெற்று, அத்தமிழாக்கம் 2017ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றது. இங்கு மொழிபெயர்ப்புக் கலையின் நுட்பமான சிக்கல் ஒன்று எழுகிறது. மூலத்தில் தமிழ்ச்சாயல் என்பது சுற்றியுள்ள மலையாளத்தினின்று வேறுபட்டு ஒலிப்பதனாலேயே பொருளுடையதாகிறது. நாவல் முழுவதும் தமிழாகும்போது அவ்வேறுபாட்டுக்கு நிலைக்களம் இல்லாது போகிறது. எது அங்கே அயலொலியோ அது இங்கே இயல்பொலி. இவ்விழப்பை மொழிபெயர்ப்பாளரின் குறையாகக் கொள்ளுதல் பொருந்தாது. ஒலிச்சாயல் தனித்து நிற்கும் பொருளன்று. கேட்கும் சூழலோடு மட்டுமே அது உயிர்வாழ்கிறது என்பதற்கு இதனினும் சிறந்த இலக்கியச் சான்று கிடைத்தல் அரிது.

அண்மைக்காலத்தில், லிஜோ ஜோஸ் பெல்லிச்சேரியின் இயக்கத்தில் 2022இல் முதன்முதல் திரையிடப்பெற்ற 'நண்பகல் நேரத்து மயக்கம்' இச்சிக்கலை வேறொரு கோணத்தில் அணுகியது. வேளாங்கண்ணி சென்று திரும்பும் மலையாளி ஒருவர் வழியில் ஒரு தமிழ்ச்சிற்றூரில் இறங்கி, அவ்வூரினின்று காணாமற்போன சுந்தரமாகத் தம்மைக் கருதித் தமிழ் பேசத் தொடங்குகிறார். முகம் அயலாருடையது, பேச்சும் பழக்கமும் ஊராருடையவை. முகத்தை நம்புவதா, குரலை நம்புவதா என்று ஊரார் திகைக்கும் திகைப்பே படத்தின் உள்ளுயிர். எள்ளலுக்குரிய கருவியாக மலையாளத் திரையில் பலகாலும் நின்ற தமிழ்ச்சாயல் இங்கு ஒருவரது இருப்பையே உறுதிசெய்யும் சான்றாக உயர்ந்தது.

6. செவிக்கு முன்னோடும் மனம்

செவி உண்மையில் ஒலியை மட்டுமே கேட்கின்றதா என்னும் வினாவுக்கு மொழியியலும் உளவியலும் விடை தந்துள்ளன. 1960இல் வாலஸ் லாம்பர்ட்டும் அவர்தம் குழுவினரும் கனடாவின் மொன்றியல் நகரில் ஓர் ஆய்வு நிகழ்த்தினர். இருமொழியாளர் சிலரை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் ஒரே பகுதியைப் படிக்கச் செய்து, பேசுவோர் வெவ்வேறு நபர் எனக் கேட்போரை எண்ண வைத்தனர். ஒரே நபர் ஆங்கிலம் பேசும்போது உயர்ந்தவராகவும் பிரெஞ்சு பேசும்போது தாழ்ந்தவராகவும் பல பண்புகளில் மதிப்பிடப்பட்டார். பிரெஞ்சைத் தாய்மொழியாகக் கொண்டோரும் அவ்வாறே மதிப்பிட்டமை வியப்பையும் வருத்தத்தையும் ஒருங்கே தருவது.

1992இல் டொனால்டு ரூபின் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவரிடையே நிகழ்த்திய ஆய்வு இதனினும் கூர்மையானது. அமெரிக்க ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு பெண்ணின் குரற்பதிவு இரு குழுவினர்க்கும் ஒலிபரப்பப்பட்டது. ஒரு குழுவினர்க்கு வெள்ளையரின் படமும் மற்றொரு குழுவினர்க்கு ஆசியரின் படமும் காட்டப்பட்டன. ஆசியர் படத்தைக் கண்டோர் அக்குரலில் அயல் ஒலிச்சாயலைக் கேட்டனர். பாடத்தைப் புரிந்துகொள்வதிலும் பின்தங்கினர். இல்லாத சாயலைச் செவி கேட்டது எனில், அதற்கு முன்னரே மனம் தீர்ப்பெழுதிவிட்டது என்பதே பொருள்.

'கேரளத்திலிருந்து வந்தவர்' என்னும் செய்தி முந்திவிட்டால், கொழிஞ்சாம்பாறை வேளாளர் ஒருவரின் கொங்குத் தமிழிலும் மலையாள வாடை வீசுதல் கூடும் என்பது இவ்வாய்வுகளால் உய்த்துணரத்தக்கது. எல்லைப் பகுதிகளில் இத்தகைய ஆய்வுகளை நிகழ்த்துதல் பயனுடைய பணியாக அமையும்.

7. ஒரு பெயரின் இருமுனை ஒலி

இச்சிக்கல் செவியளவில் நில்லாது பொதுவாழ்வைத் தொடுவதற்கு மூணாற்றில் எழுந்த ஒரு பெயரே சான்று. 2015 செப்டம்பரில் தேயிலைத் தோட்டப் பெண் தொழிலாளர் ஊக்கத்தொகையும் கூலியுயர்வும் கோரிப் போராடினர். நிலைபெற்ற தொழிற்சங்கங்களின் தலைமையை ஏலாது அவர்கள் நடத்திய அப்போராட்டம் 'பெம்பிளை ஒருமை' என்னும் பெயரால் நாடெங்கும் அறியப்பட்டது. போராடியோருட் பெரும்பாலோர் தமிழ் பேசுவோர்.

அப்பெயரின் ஒலியை ஆராய்தல் பயனுடையது. மலையாளத்தில் ஒற்றுமையைக் குறிக்கும் சொல் 'ஒரும' என அகரத்தில் முடியும். 'ஒருமை' என்னும் ஐகார இறுதி மலையாளச்செவிக்கு ஐயமின்றித் தமிழ். தமிழகத்தார்க்கோ 'ஒருமை' என்பது பன்மைக்கு எதிரான எண்ணையே முதலில் நினைவூட்டும். இப்பொருளில் 'ஒற்றுமை' என்பதையே அவர்கள் எதிர்பார்ப்பர். 'பெம்பிளை' என்பதோ 'பொம்பளை' என்னும் பேச்சுவடிவத்துக்கும் 'பெண்பிள்ளை' என்னும் மூலவடிவத்துக்கும் இடையே நிற்கிறது. ஆங்கில ஏடுகள் 'பெம்பிளை' என்றும் 'பொம்பிளை' என்றும் மாறி மாறி எழுதின. இருபுறத்தார்க்கும் முழுமையாக உரியதாகாத அப்பெயர், எல்லைமக்கள் தமக்கெனப் படைத்துக்கொண்ட சொல்லாட்சி ஆகும். அதில் கலப்பைக் காண்பதைவிட ஆக்கத்தைக் காண்பதே பொருத்தமுடையது.

தோட்டத்துச் சொற்களும் இத்தகையன. தொழிலாளர் குடியிருப்பு வரிசை 'லயம்'. பணிக்குப் பெயர் பதியும் காலைக்கூட்டம் 'பெரட்டு'. பறிக்கும் இளந்தளிர் 'கொழுந்து'. இவற்றுள் முதலிரண்டும் ஆங்கிலச் சொற்கள் தமிழ் நாவில் உருமாறியவை. இவை இலங்கை மலையகத்திலும் வழங்குவன. சமவெளித் தமிழர்க்கு 'லயம்' இசைச்சொல். மலையில் அது வாழுமிடம். மூணாற்றுப் பேச்சை நுவரெலியாவோடு இணைத்து நோக்காமல், கோட்டயத்தோடு மட்டும் ஒப்பிட்டுக் கலப்பு என்பது வரலாற்றைக் குறைத்துக் காண்பதாகும்.

இத்தீர்ப்புகளால் விளையும் இழப்பு சிறிதன்று. 1950களில் தேவிகுளம், பீர்மேடு குறித்த எல்லை விவாதத்தில், அங்குள்ள தமிழர் வேலை தேடிக் குடிபெயர்ந்து வந்தோரே என்னும் வாதம் எழுந்தது. கேரள ஆட்சிமொழிச் சட்டம் (1969) தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தம் மொழியில் தொடர்புகொள்ள வழிசெய்தது. 2017இல் மலையாளத்தைப் பள்ளிகளில் கட்டாயப் பாடமாக்கும் சட்டம் நிறைவேறியது. இச்சூழலில் எல்லைத் தமிழ்க்குழந்தை இருமொழியும் கற்று வளர்கிறது, அது நன்றே. ஆனால் அக்குழந்தையின் தமிழைத் தமிழகம் மலையாளம் என ஒதுக்கி, அதன் மலையாளத்தைக் கேரளம் பாண்டி என ஒதுக்குமாயின், இரு மொழிகளை உடைய குழந்தை ஒரு மொழியும் தனக்குரியதன்று என்று எண்ண நேரும். மொழிச் சிறுபான்மையினரின் உரிமை ஏட்டில் இருப்பினும், தம் மொழி தம்முடையதே என்னும் துணிவு இல்லாதார் அதனைக் கோரமாட்டார்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். எல்லைத் தமிழில் கேட்கப்படும் 'மலையாளச் சாயல்' ஒரே தன்மையது அன்று. அதிற் சில மலையாளத்தினின்று வந்தவை, சில தென்தமிழகத்தோடு பொதுவானவை, சில தமிழகம் இழந்த பழமையின் எச்சங்கள். இரட்டை றகரமும் ழகரமும் மூன்றாம் வகையைச் சார்ந்தவை. பாலக்காட்டுத் தமிழ், இடுக்கித் தமிழ் என்னும் பெயர்கள் பல வழக்குகளை உள்ளடக்கியவை. திரைப்படம் பரப்பிய ஒருவழக்கு அவற்றின் பதிலாளாகாது. ஒலிச்சாயல் பற்றிய தீர்ப்பு, பேசுவோரைப் போலவே கேட்போரையும் பற்றிய செய்தியாகும்.

ஆகவே எல்லை வழக்குகளைப் பதிவு செய்வோர், பேசுவோரின் ஊர், சமூகம், கல்விமொழி ஆகியவற்றைக் குறிப்பதோடு, கேட்டுக் குறித்தவரின் வழக்கு எது என்பதையும் குறித்தல் வேண்டும். கலப்பு என முத்திரையிடுமுன், அக்கூறு குமரியிலும் யாழ்ப்பாணத்திலும் மலையகத்திலும் உண்டா என ஒப்புநோக்குதல் வேண்டும். மேற்றிசைச் சொல்லைக் கேட்ட உரையாசிரியர்கள் அதன் நிலத்தைக் குறித்தனரேயன்றிக் குற்றம் எனக் குறித்திலர். அவ்வுரைமரபைப் போற்றும் ஆய்வுலகம் எல்லைத் தமிழையும் அதே செவியோடு கேட்டல் தகும்.